ராட்டினமும் மலையும்

சில மாதங்களுக்கு முன் நாமக்கல்லில் ஒரு வாசகர் கூட்டத்திற்குப் போயிருந்தேன். கூட்டம் முடிந்து காப்பி குடித்துக்கொண்டு நின்றபோது அன்பர் ஒருவர் அருகில் வந்தார். லாரித் தொழிலில் நாலு காசு பார்த்தவர். அதோடு நாவல் படிக்கும் பழக்கமும் உள்ளவர். இந்த இரண்டும் ஒருவரிடம் சேர்ந்திருப்பது அபூர்வம் என்பதால் அவரிடம் எனக்கு உடனே மரியாதை ஏற்பட்டது.

"கொல்லிமலையைப் பற்றி உங்கள் கதையில் நன்றாக எழுதியிருக்கிறீர்கள், ஐயா. ஆனால் உள்ளதைச் சொல்லட்டுமா? அங்கே ஒன்றுமே இல்லை. குடும்பத்தோடு போனால் பிள்ளைகளுக்குப் பொழுது போக என்ன இருக்கிறது? ஒரு ரோப் கார், ஒரு கண்ணாடிப் பாலம், நாலு ராட்டினம், கம்பியில் தொங்கிக்கொண்டு பள்ளத்தாக்கைத் தாண்டுகிற ஏற்பாடு, இப்படி ஏதாவது செய்தால்தான் அந்த மலை முன்னுக்கு வரும். உங்களைப் போன்றவர்கள் இதை எழுத வேண்டும்" என்றார்.

எழுதுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். அந்த வாக்கைத்தான் இப்போது நிறைவேற்றுகிறேன். அவர் எதிர்பார்த்தபடி எழுத முடியவில்லை. அதற்காக அவர் என்னை மன்னிக்க வேண்டும். காரணத்தைக் கடைசி வரை படித்துவிட்டு, பிறகு மன்னிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யட்டும்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் ராட்டினத்திற்கு விரோதி அல்ல. எழுத்தாளர்களில் சிலருக்கு ஜனங்கள் கூட்டமாகச் சிரித்தால் பிடிக்காது. பொருட்காட்சி என்றால் முகம் சுளிப்பார்கள். கேளிக்கைப் பூங்கா என்றால் நாகரிகமே குட்டிச்சுவராகிவிட்டது என்பார்கள். அந்தக் கட்சியில் நான் சேர்ந்தவன் அல்ல. சேலத்தில் ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் பண்டிகை வந்தால், தொட்டி ராட்டினத்தின் உச்சியில் ஒரு கணம் ஊரெல்லாம் காலடியில் கிடப்பதைப் பார்ப்பதற்காகவே வருஷம் முழுவதும் காத்திருந்த பிள்ளை நான். மரணக் கிணற்றில் மோட்டார் சைக்கிள் சுவரில் ஏறிச் சுற்றுவதைப் பார்த்துவிட்டு மூன்று இரவு தூங்காமல் கிடந்தேன். அந்த மூன்று இரவுகளையும் இன்றைக்கு யார் எவ்வளவு விலைக்குக் கேட்டாலும் கொடுக்கமாட்டேன். பயப்படுவதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது. அந்தச் சந்தோஷம் ஏழைக்கும் பணக்காரனுக்கும் பொது. அதைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

என் சண்டை ராட்டினத்தோடு அல்ல. ராட்டினத்தை எங்கே வைப்பது என்பதைப் பற்றியது. மலையையே ராட்டினமாக நினைக்கிற புத்தியைப் பற்றியது. அந்தப் புத்தி எனக்கும் இருந்தது என்பதை ஒப்புக்கொள்ளாமல் மேலே எழுதுவது நேர்மை ஆகாது.

*

2025-ஆம் ஆண்டு மே மாதம். என் மகன் சென்னையில் உத்தியோகம் பார்க்கிறான்; கோடை விடுமுறைக்குக் குடும்பத்தோடு சேலத்திற்கு வந்திருந்தான். பேரனுக்குப் பதினொரு வயது, பேத்திக்கு எட்டு. விடுமுறையில் ஒரே ஒரு நாள் எங்கேயாவது போவது என்று முடிவாயிற்று. குழந்தைகள் இருவரும் ஒரே குரலில் பூங்கா என்றார்கள். தலைகீழாகச் சுற்றும் வண்டி, குழாய்க்குள் நீரோடு சறுக்கி விழும் தொட்டி, செயற்கை அலை என்று அதன் பெருமைகளைப் பேரன் ஒப்பித்தான்.

நான் குறுக்கிட்டேன். தாத்தாக்களுக்கே உரிய ஒரு பிரசங்கம் செய்தேன். "இரும்பிலும் சிமெண்டிலும் செய்த பொய்யைப் பார்ப்பதற்குப் பணத்தைக் கொட்ட வேண்டுமா? பக்கத்திலேயே கொல்லிமலை இருக்கிறது. கடையெழு வள்ளல்களில் ஒருவனான வல்வில் ஓரி ஆண்ட மலை. நிஜமான அருவி, நிஜமான காடு. அங்கே போவோம்" என்றேன்.

பேரன் என்னை நம்பாத பார்வை பார்த்தான். "அங்கே ரைடு இருக்கா, தாத்தா?" என்று கேட்டான்.

இந்த இடத்தில்தான் நான் தவறினேன். "இல்லாமல் என்ன? எழுபது கொண்டை ஊசி வளைவு இருக்கிறது. எந்தப் பூங்காவில் உனக்கு எழுபது வளைவு கிடைக்கும்? அதைவிட என்ன ரைடு வேண்டும்?" என்றேன்.

பையன் கண்கள் விரிந்தன. பிரயாணம் நிச்சயமாயிற்று. பொய்யான கேளிக்கையிலிருந்து பேரனை மீட்டு இயற்கையின் மடியில் சேர்க்கிறோம் என்று எனக்கு உள்ளூரப் பெருமை. நான் உண்மையில் செய்தது என்ன? ஏறக்குறைய 40,000 பேர் குடியிருக்கும் ஒரு மலையை ராட்டினம் என்று சொல்லி ஒரு குழந்தைக்கு விற்றேன். அன்பர் இன்று கேட்பதை நான் அன்றைக்கே என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து செய்துவிட்டேன்.

சேந்தமங்கலம் தாண்டி, காளப்பநாயக்கன்பட்டி தாண்டி, காரவள்ளி அடிவாரத்தில் மலை ஏறத் தொடங்கியபோது காலை ஒன்பது மணி இருக்கும். விடுமுறை நாள். எங்களுக்கு முன்னாலும் பின்னாலும் கார்கள். அவற்றினிடையே புகுந்து புறப்பட்டு மோட்டார் சைக்கிள்கள். தலைக்கவசத்தின் மேல் சின்னக் காமிரா பொருத்திய வாலிபர்கள் வளைவுகளில் முழங்கால் தரையைத் தொடும்படி சாய்ந்து போனார்கள். பேரன் ஒவ்வொரு வளைவிலும் எண்ணைக் கூவினான். மகனும் உற்சாகமாகி, வேண்டிய அளவுக்கு மேலேயே வண்டியை வெட்டித் திருப்பினான். எதிரே மலைப் பேருந்து ஒன்று இறங்கி வந்தது. உள்ளே வாழைத்தாரும் சாக்குமூட்டையும், அவற்றை அணைத்தபடி பெண்களும். எங்கள் வரிசை முழுவதும் ஒலிப்பானை அலறவிட்டது. அந்தப் பெண்களில் ஒருத்தி ஜன்னல் வழியாக எங்களைப் பார்த்த பார்வை இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. கோபமான பார்வை என்று சொல்ல முடியாது. தினசரி வீட்டு வாசலில் ஆடு மேய்ந்துவிட்டுப் போவதைப் பார்க்கிறவளின் அலுப்பு அது.

நாற்பத்து மூன்றாம் வளைவில் பேத்தி வாந்தி எடுத்தாள். மருமகள், "மாமா, கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்கள், குழந்தை முகம் வெளுத்துவிட்டது" என்றாள். சற்று மேலே, வளைவை ஒட்டிப் பள்ளத்தாக்கு நன்றாகத் தெரிகிற இடம் ஒன்று வந்தது. அங்கே ஏற்கெனவே ஐந்தாறு கார்களும் பத்துப் பன்னிரண்டு மோட்டார் சைக்கிள்களும் நின்றன. ஜனங்கள் கைச்சுவரின் மேல் ஏறி நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மகன் வண்டியை அந்தக் கூட்டத்தின் வாலில், பாதி சாலையை அடைத்தபடி நிறுத்தினான். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஓரமாக ஒரு மலைவாசிப் பெண் அன்னாசித் துண்டுகளுக்கு மிளகாய்த்தூள் தூவி விற்றுக்கொண்டிருந்தாள். குழந்தையைப் பார்த்ததும் ஒரு எலுமிச்சம்பழத்தைக் கிள்ளி முகரக் கொடுத்தாள். காசு வாங்கிக்கொள்ளவில்லை.

அப்போதுதான் மேலேயிருந்து சங்கொலி கேட்டது.

108 வண்டி. எங்களுக்கு மேலே உள்ள வளைவில் அது திரும்புவது தெரிந்தது. அடுத்த வளைவில் அது எங்கள்முன் வந்து நின்றுவிட்டது. நிற்க வேண்டியதாயிற்று. ஒரு பக்கம் நிறுத்திவைத்த கார்கள். மறு பக்கம் ஏறி வருகிற வரிசை. நடுவில் வழி இல்லை. ஓட்டுநர் கதவைத் திறந்து கை கூப்பினார். திட்டினாலாவது தாங்கியிருக்கலாம். படம் எடுக்கப் போனவர்களைத் தேடிப் பிடித்து அழைத்து வந்து, ஒவ்வொரு வண்டியாகப் பின்னுக்கு நகர்த்தி, வழி ஏற்பட எவ்வளவு நேரம் ஆயிற்று என்று நான் கடிகாரம் பார்க்கவில்லை. வண்டியின் பின் கதவுக் கண்ணாடி வழியே ஒரு வயதான அம்மாள் வெளியே எட்டிப் பார்த்தாள். உள்ளே படுத்திருந்தவள் பிரசவத்திற்குப் போகிற பெண் என்று யாரோ சொன்னார்கள். கடைசியாக நகர்ந்த வண்டி எங்களுடையது.

சங்கொலி கீழே கீழே போய்த் தேய்ந்த பிறகு, அன்னாசி விற்ற பெண்ணிடம், "யாரம்மா அது?" என்று கேட்டேன்.

"தெரியலீங்க. எங்க பக்கத்துப் புள்ளையாத்தான் இருக்கும்" என்றாள். பிறகு, "லீவு நாள்னா இப்படித்தாங்க. நாங்க லீவு நாள்ல சீக்கு வராம இருந்துக்கணும்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

அந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நல்லபடியாகப் பிள்ளை பெற்று வீடு திரும்பியிருப்பாள் என்றே நம்புகிறேன். கதையாக இருந்தால் அதற்கு நான் ஒரு முடிவு எழுதியிருப்பேன். இது கதை அல்ல.

*

இனி அன்பரின் யோசனைக்கு வருகிறேன்.

ராட்டின வண்டிகளின் சரித்திரத்தில் வேடிக்கையான விஷயம் ஒன்று உண்டு. உயரத்திலிருந்து பாய்ந்து இறங்கும் வண்டிக்குப் பிரெஞ்சுக்காரர்களும் ஸ்பானியர்களும் 'ருஷ்ய மலை' என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள். காரணம், செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பக்கம் பூமி தட்டையானது. ஏறிச் சறுக்க மலை இல்லாத அந்த ஜனங்கள், குளிர்காலத்தில் மரச் சட்டம் கட்டி, அதன் மேல் பனிக்கட்டியை உறையவைத்து, தாங்களே மலை செய்துகொண்டு சறுக்கினார்கள். ருஷ்யர்களோ இன்றைக்கு அதே வண்டியை 'அமெரிக்க மலை' என்கிறார்கள்! யார் பெயரால் அழைத்தாலும் அது மலைதான். மலை இல்லாதவன் செய்துகொண்ட மலை. அமெரிக்காவில் கோனி தீவில் 1884-இல் தாம்ஸன் என்பவர் மணிக்கு ஆறு மைல் வேகத்தில் ஓடும் சறுக்கு ரயில் ஒன்றை அமைத்து, தலைக்கு ஐந்து சென்ட் வசூலித்தார். மதுக்கடைக்குப் போகிற ஜனங்களை யோக்கியமான கேளிக்கைக்குத் திருப்ப வேண்டும் என்பது அவர் எண்ணமாம். 1893-இல் சிகாகோ பொருட்காட்சியில் ஃபெர்ரிஸ் என்னும் பொறியாளர் 264 அடி உயர ராட்சத ராட்டினத்தை நிறுத்தினார். 1955 ஜூலையில் கலிபோர்னியாவில் டிஸ்னிலாண்ட் திறந்தது. நம் நாட்டில் டில்லியில் 1984-இல் அப்பு கர் வந்தது. 2008-இல் அது மூடப்பட்டது. தாம்பரத்திற்கு அருகே 1995-இல் கிஷ்கிந்தா, கொச்சியில் 2000-இல் வீகாலாண்ட் என்று வரிசையாக வந்தன.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவான குணம் ஒன்று உண்டு. பெரும்பாலும் சமவெளியில், தனி மனையில், வேலி போட்டுக் கட்டியவை. மலை இல்லாத இடத்தில் மலையைச் செய்கிறான்; அதில் ஓர் அர்த்தம் இருக்கிறது. கொல்லிமலையின் உச்சியில் போய் இரும்பு மலை கட்டுவோம் என்கிறீர்களே, இது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற வியாபாரம் அல்லவா?

இன்னொரு குணமும் உண்டு. அதுதான் முக்கியம். ராட்டினம் நாணயமான பொய். நீ செத்துவிடுவாய் என்று அது பயமுறுத்துகிறது. சாக விடமாட்டேன் என்று அதே சமயம் வாக்கும் கொடுக்கிறது. வண்டியைச் சங்கிலி உச்சிக்கு இழுத்துச் செல்கிறது. பிறகு பூமியின் ஈர்ப்பு அதை ஓட்டுகிறது. சக்கரங்கள் தண்டவாளத்தை மேலிருந்தும் கீழிருந்தும் பற்றிக்கொள்கின்றன. தொடையின் மேல் ஒரு கம்பி வந்து பூட்டிக்கொள்கிறது. பாதையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒரு துண்டில் ஒரு வண்டி இருக்கும்போது இன்னொரு வண்டி அதில் நுழைய முடியாதபடி தடை வைத்திருக்கிறார்கள். காலையில் ஆள் ஏறுவதற்கு முன் வெறும் வண்டியை ஓட்டிப் பார்க்கிறார்கள். இத்தனை ஜாக்கிரதையும் எதற்கு? நாம் ஜாக்கிரதை இல்லாமல் கூச்சல் போடுவதற்கு.

அந்த வாக்கு சில சமயம் தவறுவதும் உண்டு, மறைக்கவில்லை. சென்னைக்கு அருகே ஒரு பூங்காவில் 2016-இல் சோதனை ஓட்டத்தின்போது ராட்டினம் ஒன்று சரிந்து ஊழியர் ஒருவர் உயிரிழந்தார். 2025 மே மாதம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு ராட்டினம் அந்தரத்தில் நின்றுபோய், அதில் இருந்தவர்களைத் தீயணைப்பு வீரர்கள் இறக்க வேண்டியதாயிற்று. ஆனால் அப்படி நேர்ந்தால் கேள்வி கேட்க ஓர் ஆள் இருக்கிறான். சீட்டு விற்றவன் பதில் சொல்லியாக வேண்டும். ராட்டினத்தை மூடி முத்திரை வைக்கலாம்.

மலைச் சாலைக்கு அந்தப் பூட்டும் இல்லை, தடையும் இல்லை. அதில் ஒரே சமயத்தில் ஏறுகிறார்கள், இறங்குகிறார்கள். ஏறும் வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்பது மலைச் சாலையின் விதி. நோயாளியை ஏற்றிவரும் வண்டிக்கோ எல்லோரும் வழிவிட வேண்டும். இந்த விதிகளைத் தெரிந்து நடந்தால் அது சாலை. ராட்டினம் என்று நினைத்து வருகிறவன் விதியை எங்கே தேடுவான்? பூட்டிவிட யாரோ இருக்கிறார்கள், தடை போட யாரோ இருக்கிறார்கள் என்ற தைரியத்தோடு வருகிறான். அருவிக்கும் இதே கதைதான். ஆகாய கங்கைக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கிப் போக வேண்டும். முந்நூறு அடி உயரத்திலிருந்து விழுகிற அந்த நீரை நிறுத்துவதற்குப் பொத்தான் எதுவும் கிடையாது. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில், குளித்துக்கொண்டிருந்தவர்கள் மேல் திடீர் வெள்ளம் வந்து ஒரு சிறுவனைக் கொண்டுபோய்விட்டது. அருவி யாருக்கும் வாக்குக் கொடுத்ததில்லை. ஆகவே அது வாக்குத் தவறவும் இல்லை. கேளிக்கைக்கு ஏற்பட்டது என்று நாமாகத்தான் நினைத்துக்கொண்டோம்.

*

"நீங்கள் சொல்வது சரி, ஆனால் மலை ஜனங்களுக்கு வேலை வேண்டாமா, வருமானம் வேண்டாமா?" என்று அன்பர் கேட்பார். நியாயமான கேள்வி. அந்த ஜனங்கள் காட்சிப் பொருளாக அப்படியே இருக்க வேண்டும், நாம் போய்ப் பார்த்து நெகிழ வேண்டும் என்று சொல்கிறவன் ராட்டினக்காரனைவிட மோசமானவன்.

ஆனால் மலைக்கு நன்மை செய்கிறோம் என்று கீழேயிருந்து ஏறியவர்களின் வரலாறு நீளமானது. ஓரியைக் காரி கொன்று, மலையைச் சேரனுக்குக் கொடுத்தான் என்று சங்க நூல்கள் சொல்கின்றன. அது அரசர்கள் காலம். நம் காலத்தில் பாக்சைட் எடுக்க ஏறினார்கள். மண்ணை வெட்டி எடுத்துக்கொண்டு போனார்கள்; குழி மலைக்கு, அலுமினியம் கீழே உள்ளவர்களுக்கு. அதற்குப் பிறகு மரவள்ளி. சேலம், நாமக்கல் வட்டாரத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குக் கிழங்கு வேண்டும். தினையும் சாமையும் கேழ்வரகும் விளைந்த நிலத்தில் மரவள்ளி பரவியது. காசு வந்தது உண்மை. ஆனால் விலையை நிர்ணயித்தவன் கீழே இருந்தான். விலை விழுந்த வருஷம் கிழங்கையும் விற்க முடியவில்லை, சாப்பிடத் தினையும் இல்லை என்று ஆயிற்று. மறைந்துகொண்டிருந்த சிறுதானிய விதைகளை மலைப் பெண்களைக் கொண்டே சேகரித்து வளர்க்கும் வேலையை எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே பல ஆண்டுகள் செய்தது. 2023-ஐ உலகமே சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியபோது, நேற்றுவரை ஏழையின் கஞ்சி என்று ஒதுக்கிய தானியத்தை நாம் கடையில் அழகான பொட்டலத்தில் வாங்கினோம்.

அரசனுக்கு மலை வேண்டியிருந்தது. ஆலைக்கு மண்ணும் கிழங்கும் வேண்டியிருந்தன. இப்போது நமக்குத் த்ரில் வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் கீழே உள்ளவனுக்கு வேண்டியதை விளைவிக்கிற நிலமாகவே மலை இருக்க வேண்டும் என்கிறோம். ராட்டினம் வைத்தால் மலைப் பையன் அதற்குச் சீட்டுக் கிழிப்பான். லாபம் எங்கே போகும் என்பது தொழில் தெரிந்த அன்பருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

கொல்லிமலையில் ஒன்றுமே இல்லை என்றார் அவர். இருப்பதைச் சொல்கிறேன். மிளகு இருக்கிறது, காப்பி இருக்கிறது, தேன் இருக்கிறது, பலாவும் அன்னாசியும் வாழையும் இருக்கின்றன. சோளக்காட்டுச் சந்தையில் அவற்றை விளைவித்தவர்களிடமே பேரம் பேசாமல் வாங்கலாம். வளப்பூர் நாடு, தின்னனூர் நாடு, சேளூர் நாடு என்று ஒவ்வோர் ஊர்த் தொகுதியையும் 'நாடு' என்றே அழைக்கிறார்கள். கீழே நாம் ராஜ்யங்களைக் கட்டி இடித்துக்கொண்டிருந்த காலமெல்லாம் அந்தப் பெயர்கள் நின்றிருக்கின்றன. அறப்பளீசுவரர் கோயில் இருக்கிறது. கொல்லிப்பாவை இருக்கிறாள், காற்றும் மழையும் இடியும் அழிக்க முடியாத பாவை என்று பழம் புலவர்கள் பாடினார்கள். மலைக்குத் தீங்கு எண்ணி ஏறுகிறவர்களைச் சிரித்தே மயக்கிக் கொன்றுவிடுவாள் என்பது பிற்காலத்துக் கதை. கைச்சுவரில் ஏறி நின்று படம் எடுத்துக்கொள்ளும் நம்மைப் பார்த்தால் அவள் சிரிப்பாளோ, அல்லது இவர்களுக்கு என் சிரிப்பு தேவையில்லை என்று இருந்துவிடுவாளோ, தெரியவில்லை.

ஆகவே என் யோசனையைச் சொல்கிறேன். ராட்டினம் வேண்டும் என்றால் நாமக்கல்லுக்குக் கீழே, வெட்டவெளியில் ஒன்று கட்டுங்கள். முதல் நாளே சீட்டு வாங்கிக்கொண்டு நான் வருகிறேன். மலையை மலையாக விடுங்கள். உதகைக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் இல்லாமல் வண்டி ஏறக்கூடாது என்று உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 2025-இல் கோடைக்கால வண்டிகளுக்கு எண்ணிக்கையும் வகுத்தார்கள். அங்கே மூச்சு முட்டிய பிறகு வைத்தியம் நடக்கிறது. கொல்லிமலைக்கு மூச்சு முட்டுவதற்கு முன்பே செய்யலாம் அல்லவா? விடுமுறை நாட்களில் காரவள்ளியில் கார்களை நிறுத்திவிட்டுப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு போகலாம். வளைவுகளில் வண்டி நிறுத்துவதைக் கண்டிப்பாகத் தடுக்கலாம். பந்தயம் ஓட்டுகிறவனுக்கு அபராதச் சீட்டை அடிவாரத்திலேயே கையில் கொடுக்கலாம். இவற்றில் எதற்கும் கோடி ரூபாய் வேண்டாம். அதனால்தான் இவற்றை யாரும் திட்டம் என்று சொல்வதில்லை.

"அப்படியானால் கூட்டம் குறைந்துவிடுமே" என்பீர்கள். குறையட்டும். ராட்டினம் தேடி வந்தவன் குறைவான். மலையைத் தேடி வருகிறவன் பேருந்தில் வந்தாலும் வருவான்.

*

நான் பேரனுக்கு ஒரு கடன் பட்டிருந்தேன். காலாண்டு விடுமுறைக்குச் சென்னை போனபோது அதைத் தீர்த்தேன். குழந்தைகள் கேட்ட பூங்காவிற்கே அழைத்துப் போனேன். கூட்டம், வெயில், அநியாய விலையில் தண்ணீர் எல்லாம் இருந்தன. பேரன் பிடிவாதம் பிடித்ததால் நானும் ஒரு வண்டியில் ஏறினேன். கம்பி வந்து தொடையில் பூட்டிக்கொண்டது. வண்டி மெல்ல உச்சிக்குப் போயிற்று. கோட்டை மாரியம்மன் பண்டிகைக்குப் பிறகு இத்தனை வருஷம் கழித்து அந்த ஒரு கணம் மறுபடியும் கிடைத்தது. இறங்கும்போது நான் போட்ட கூச்சலைப் பேரன் இன்னும் எல்லோரிடமும் சொல்லிச் சிரிக்கிறான். சொல்லட்டும். என் கூச்சலால் யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை. எங்களுக்குப் பின்னால் வழி கேட்டு யாரும் நிற்கவில்லை.

இறங்கி வந்து பெஞ்சியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். பேத்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "தாத்தா, அந்த எலுமிச்சம்பழம் கொடுத்த அம்மாவைப் பார்க்க மறுபடியும் போவோமா?" என்று கேட்டாள்.

போவோம் என்று சொன்னேன். பேருந்தில் போவதாக ஏற்பாடு.

அன்பரையும் அழைக்கிறேன். ஒரு விடுமுறை நாளில், அந்த வளைவில், அன்னாசிக் கூடைக்குப் பக்கத்தில் அரை நாள் நின்று பார்க்கட்டும். அதற்குப் பிறகும் கொல்லிமலைக்கு ராட்டினம்தான் வேண்டும் என்று அவர் சொன்னால், அவர் கேட்டபடியே எழுதிக் கொடுக்கிறேன்.